துணி பிழியிற மாதிரி

எங்கள் வீட்டு அடுப்படித் தட்டில் ஒரு சாராயப் போத்தல் இருந்தது. அப்பா குடிக்கிற மனிதரல்ல. பழைய போத்தல், கடதாசி வாங்கத் தெருவில் வருகிறவனிடம் அம்மா காசு கொடுத்து வாங்கி வைத்தது அது. தடிப்பான கண்ணாடி. கொதிதண்ணீர் ஊற்றியும் அது ஒரு நாளும் வெடித்ததில்லை. ஊற்றி, மூடியை இறுக்கி, அப்பாவின் பழஞ்சாரம் ஒன்றைச் சுற்றி, அக்காவின் அடிவயிற்றில் வைப்பார் அம்மா. மாதத்தில் நாலு நாள். சில மாதங்களில் ஆறு நாள்.

அப்பா ரயில்வேயில் கிளாக்கர். கொம்பனித்தெரு ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் வாடகை வீடு. ரயில் போனால் தட்டில் இருக்கிற பாத்திரமெல்லாம் அதிரும். அந்த நாட்களில் இரவில் அக்கா தூங்காமல் ரயில்களை எண்ணிக்கொண்டிருப்பாள். "இந்த ரயில் போனாப் பிறகு குறையும்" என்று தனக்குத்தானே சொல்லுவாள். ரயில் போகும். குறையாது. அடுத்ததற்குக் காத்திருப்பாள். அவளைவிட நாலு வயது இளைய நான், பக்கத்துப் பாயில் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டபடி படுத்திருப்பேன். கடைசி ரயிலுக்குப் பிறகு அவளுக்கு எண்ண ஒன்றும் இருக்காது. அந்த நேரம்தான் எனக்கு மிகவும் பயமாக இருக்கும்.

கொம்பனித்தெரு என்பது மொழிக்கு ஒரு ஞாபகம் வைத்திருக்கிற ஊர். ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளைப் பேரை வாவிக்கரையில் வைத்திருந்த காலத்தை ஆங்கிலப் பெயர் அடிமைத்தீவு என்று சொல்லி நினைவில் வைத்தது. தமிழும் சிங்களமும் கம்பனியை மட்டும் வைத்துக்கொண்டன. மலாய்க்காரரும் சோனகரும் சிங்களவரும் நாங்களுமாக ஒரே பைப்படியில் தண்ணீர் பிடித்தோம். 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில் ரியோ தியேட்டர் எரிந்தபோது எனக்கு ஐந்து வயது. அந்த நாட்களில் எங்கள் எல்லாரையும் தன் வீட்டுப் பின்னறையில் வைத்துச் சோறு போட்டவர் பக்கத்து வீட்டுச் சோனகப் பெண், நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவர். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. அக்காவின் வயிற்றைத் தவிர. அதை அம்மா அவரிடமும் மறைத்தார்.

அக்கா 1987இல் பெரியபிள்ளையானாள். பச்சை முட்டை, நல்லெண்ணெய், உழுத்தங்களி எல்லாம் முறைப்படி நடந்தது. முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது மாதம் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். வீட்டுக்குக் கூட்டி வந்த அம்மா அவளைப் படுக்க வைத்துவிட்டுச் சொன்னது எனக்கு இன்னும் அப்படியே கேட்கிறது.

"எனக்கும் இப்பிடித்தான் பிள்ளை. அம்மம்மாவுக்கும் இப்பிடித்தான். பல்லைக் கடிச்சுக்கொண்டு கிட. விடிஞ்சால் சரி."

அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு விடியும்வரை போத்தலை மாற்றி மாற்றி வைத்தவரும் அவர்தான். ஓமத்தண்ணீர் கொடுத்தார், பெருங்காயம் பொரித்துக் கொடுத்தார், சித்தாலேப தடவினார். ஆனால் அந்த ஒரு வசனம், "எனக்கும் இப்பிடித்தான்" என்பது, அக்காவுக்கு ஆறுதலாகவும் கதவடைப்பாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. எல்லாருக்கும் உள்ளதை ஒருத்தி மட்டும் எப்படி வருத்தம் என்று சொல்லுவாள்?

ஓ.எல். சோதனையில் கணித வினாத்தாளுக்கு அவள் பாதியில் எழும்பி வந்தாள். அதற்குப் பிறகு படிப்பில் நாட்டம் விட்டுப்போயிற்று. இருபதாவது வயதில் வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கொம்பனித்தெருவில் ரயில் ஏறினால் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, அடுத்தது வெள்ளவத்தை. கடல் காற்று முகத்தில் அடிக்கும். இளம் பெண் என்பதால் யாரும் இருக்க இடம் தரமாட்டார்கள், அவளும் கேட்கமாட்டாள். கடையில் காலையிலிருந்து இரவுவரை நிற்கவேண்டும். கதிரை முதலாளிக்கும் வாடிக்கையாளருக்கும் மட்டும். மாதத்தில் அந்த நாட்களில் அவள் சேலை மடிக்கிற மேசை விளிம்பில் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு நிற்பாளாம். அப்படி அழுத்தினால் ஒரு நிமிடத்துக்கு நோ குறையும் என்று கண்டுபிடித்திருந்தாள். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை வைக்கவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்த செய்தியை அவளுக்கு வாசித்துக் காட்டியபோது, "அந்த மேசை விளிம்பு இன்னும் என்ர வயித்தில இருக்கு" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. இலங்கையில் 1951இலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவம் இலவசம். அது எங்கள் போன்ற வீடுகளை எத்தனை முறை காப்பாற்றியது என்பது எனக்குத் தெரியும். அப்பாவின் நெஞ்சு வருத்தத்துக்கும் என்னுடைய நெருப்புக் காய்ச்சலுக்கும் ஐந்து சதம் செலவில்லாமல் பார்த்தார்கள். ஆகவே 1993இல் அம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு விடிய ஐந்து மணிக்குப் போய்த் துண்டெடுத்து வரிசையில் நின்றது நம்பிக்கையோடுதான். எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு நாற்பது பக்கக் கொப்பியும் வாங்கிக்கொண்டார்கள். அதில்தான் டொக்டர் எழுதுவார். மொழிபெயர்க்க என்னையும் கூட்டிப்போனார்கள். தெருவில் விளையாடிப் பழகியதால் என்னுடைய சிங்களம் கொஞ்சம் நல்லது.

"கொஹெத ரிதென்னே?" எங்கே நோகிறது என்று கேட்டார் டொக்டர். அக்கா அடிவயிற்றையும் நாரியையும் காட்டினாள். காட்டிவிட்டு என்னிடம் தமிழில் சொல்லத் தொடங்கினாள். முதல் நாள் நாரி உளையும். பிறகு தொடைக்குள்ளால் இழுக்கும். இரண்டாம் நாள் குத்தில்லை, துணி பிழியிற மாதிரி. பிழிந்து பிழிந்து விடும். இடையிலே ஒரு கடுப்பு வரும், அப்போதுதான் மயக்கம் வரும். மூன்றாம் நாள் எரிவு. இத்தனையையும் கேட்டுவிட்டு, பதினைந்து வயதான நான் டொக்டரைப் பார்த்து, "கொடக் ரிதெனவாலு" என்றேன். நிறைய நோகுதாம். என்னிடம் இருந்த சிங்களத்தில் நோவுக்கு அந்த ஒரு சொல்தான் இருந்தது. சிங்களத்தில் வேறு சொற்கள் உண்டு. ஆறாமல் நின்று உளைகிற நோவுக்குக் கெக்கும என்பார்கள். மற்றவையும் இருக்கும். தெருவில் விளையாடுகிற பிள்ளைக்கு அவை எப்படித் தெரியும்?

இதைப் பற்றி நான் வருஷக்கணக்காக யோசித்திருக்கிறேன். நாங்கள் யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சில் வலி என்று அதிகம் சொல்வதில்லை, நோ என்போம். அதற்குள் எத்தனை வகை. கால் உளையும், பல் கொதிக்கும், தலை இடிக்கும், நெஞ்சு எரியும், காது குடையும், கழுத்து பிடிக்கும், புண் விண்விண்ணென்று தெறிக்கும். ஒவ்வொரு சொல்லும் உடம்புக்குள் நடப்பதைப் பற்றிய ஒரு தகவல். உளைவு ஆழத்தில் இருந்து வருவது, குத்து ஓரிடத்தில் நிற்பது, இழுப்பு ஓடுவது. நீடித்த நோவுக்கு இரத்தத்தில் அளவு இல்லை, படத்தில் நிழல் விழவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நோகிறவளின் வாய்ச்சொல்லை விட்டால் வேறு கருவி கிடையாது. அந்தக் கருவியை நான் அன்றைக்குக் கைதவறிப் போட்டு உடைத்துவிட்டேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். "எப்படி நிறைய?" என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் நான் கையால் செய்தாவது காட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை. வரிசை வாசல்வரை நின்றது. "மேக்க ஹெமோட்டம தியனவா, நங்கி" என்று சிரித்தபடி எழுதினார். இது எல்லாருக்கும் இருக்கிறதுதான், தங்கச்சி. அம்மா சொன்ன அதே வசனம், வேறு மொழியில்.

1996இல் கொஞ்சம் காசு சேர்த்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம். அக்காவின் இரண்டு மாதச் சம்பளம். ரிப்போர்ட்டைப் பார்த்த பெரிய டொக்டர் கடதாசியை மடித்துத் திருப்பித் தந்தார். ஒன்றுமில்லை. எல்லாம் நோர்மல். கலியாணம் கட்டி ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மாவின் முகத்தில் நிம்மதி. அதைத் தப்பென்று சொல்லமுடியாது, புற்றுநோயாக இருக்குமோ என்று பயந்துகொண்டு வந்தவர் அவர். பஸ்ஸில் வரும்போது அக்கா ரிப்போர்ட்டை எடுத்து இரண்டாக, நாலாக, எட்டாக மடித்து மணிபேர்ஸுக்குள் வைத்தாள். வீட்டில் அப்பா கேட்டபோது, "எனக்கு ஒண்டுமில்லையாம் அப்பா" என்றாள். சொல்லும்போது அவள் வெட்கப்பட்டாள். திருடிப் பிடிபட்ட பிள்ளை மாதிரி.

அந்த ஒரு சொல் அடுத்த ஐந்து வருஷங்களைத் தின்றது. அன்றிலிருந்து அவள் போத்தல் கேட்கவில்லை. முனகவில்லை. ரயில்களைக்கூட வாய்விட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டாள். கடைச் சந்தியில் பனடோல் அட்டைகள் வாங்கினாள், பிறகு பொன்ஸ்டன், வெறும் வயிற்றில். அது இரைப்பையைப் புண்ணாக்கியது. அவளுடைய தலையணை உறையின் ஒரு மூலை எப்போதும் கிழிந்திருக்கும். தைத்துப் போட்டால் அடுத்த மாதம் மறுபடி கிழியும். பல்லால் கடித்துக் கிழிந்தது என்று எனக்குத் தெரிய வந்தபோது எனக்கு இருபது வயது. நோவைவிட அவளைச் சிறுக்க வைத்தது சந்தேகம். தான் கற்பனை செய்கிறோமோ, தன்னுடைய தாங்குசக்திதான் குறைவோ, கடையில் நிற்கிற மற்றப் பெண்கள் எல்லாரும் இதைத் தாங்கிக்கொண்டுதானே சிரிக்கிறார்கள் என்று அவள் தன்னைத்தானே விசாரணை செய்துகொண்டிருந்தாள்.

கலியாணம் கட்டினால் சரி என்ற மருந்து எங்கள் தெருவின் கண்டுபிடிப்பல்ல. பழைய கிரேக்க மருத்துவ நூல்களில் அது இருக்கிறது. பிள்ளையில்லாத கருப்பை உடம்புக்குள் அலைந்து திரிந்து வருத்தம் கொடுக்கும், ஆணும் பிள்ளையும் வந்தால் அடங்கும் என்று எழுதி வைத்தார்கள். கருப்பைக்கு அவர்கள் வைத்த பெயரிலிருந்துதான் ஹிஸ்டீரியா என்ற சொல் வந்தது. பெண்ணின் விளங்காத நோவுக்கெல்லாம் அந்தப் பெயரைக் கட்டினார்கள். அமெரிக்க உளநோய் வகைப்பாட்டிலிருந்து அது நீங்கியது 1980இல்தான். அதே அமெரிக்காவில் 1977இலிருந்து 1993வரை பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களை மருந்துகளின் ஆரம்பப் பரிசோதனைகளில் சேர்க்கவேண்டாம் என்ற வழிகாட்டல் இருந்தது. கருவுக்குக் கேடு வரக்கூடாது என்பது காரணம். அந்தக் காரணம் நியாயமானது. அதனால் பெண்ணின் உடம்பு எப்படி நோகிறது, எந்த மருந்து அவளில் எப்படி வேலை செய்கிறது என்ற அறிவு பின்தங்கிப் போனதும் உண்மை.

கலியாணப் பேச்சு வந்தது. தரகரிடம் வருத்தத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று அம்மா சொன்னார். பெண் பார்க்க வந்த ஒரு நாள் அவளுக்கு இரண்டாம் நாள். தேத்தண்ணீர்த் தட்டோடு முன்னறைக்கு நடந்து போய், கொடுத்துவிட்டு, நிமிர்ந்து திரும்பி வந்து, அடுப்படி நிலத்தில் மடங்கி விழுந்தாள். முன்னறையில் இருந்தவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை, அதற்குப் பிறகு வந்தவற்றை அவளே வேண்டாம் என்றாள்.

பொம்பிளை டொக்டர் என்றால் விளங்கிக்கொள்ளுவாரோ என்று அம்மா நினைத்தார். அந்த நினைப்பு கொழும்புக்குப் பழசு. 1896இல் கனடாவிலிருந்து வந்த மேரி ஐர்வின் என்ற டொக்டர் ஒரு தமிழரைக் கலியாணம் கட்டி மேரி இரத்தினம் ஆனார். ஆண் டொக்டருக்கு முன்னால் வாய் திறக்காத பெண்கள் அவரைத் தேடிப் போனார்கள். அவர் 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார், 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவானார், 1958இல் மக்சேசே விருது பெற்றார். பெண்ணின் உடம்பைப் பற்றிப் பெண்ணிடம் வெளிப்படையாகப் பேசியதற்கு அந்தக் காலத்தில் ஏச்சும் வாங்கினார். ஆனால் எங்கள் அனுபவத்தில் பெண் டொக்டர் ஒருவரும் அதே பதிலைத்தான் சொன்னார். "நானும் பொம்பிளைதானே, எனக்கும் வாறதுதானே" என்றார் அவர். அக்காவைக் கடைசியில் விளங்கிக்கொண்டவர் ஒரு வயதான சிங்கள ஆண் டொக்டர்.

அது 2001. அக்கா வெள்ளவத்தை ஸ்டேஷன் மேடையில் விழுந்தாள். யாரோ ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அம்மா கோவிலுக்குப் போயிருந்தார். வாசலில் நின்ற ராத்தாதான் தாங்கிப் பிடித்தார். பதினாலு வருஷம் அவரிடம் மறைத்த விஷயம் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தது. ராத்தா கோபப்பட்டார். "ஏன் மகள் இத்தன வருஷமா எனக்கிட்டச் சொல்லல்ல? எழும்புங்க. நான் கூட்டிட்டுப் போறேன்." தன் மகளுக்குப் பார்த்த டொக்டர் ஒருவரின் சின்ன டிஸ்பென்சரிக்கு எங்களைக் கூட்டிப்போனார்.

அந்த டொக்டர் ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. அக்கா எட்டாக மடித்த கடதாசியை எடுத்து நீட்டியபோது, "பிறகு பார்ப்பம்" என்று மேசையில் ஓரமாக வைத்தார். எந்தெந்த நாள், எத்தனை மணித்தியாலம், மாதத்தில் வேலைக்குப் போகமுடியாத நாள் எத்தனை, எந்த மருந்து, எத்தனை குளிசை என்று கேட்டுக் கேட்டு எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "உங்கட பாசையில அவ இதை எப்பிடிச் சொல்றா?" என்றார் சிங்களத்தில். எனக்கு அப்போது வயது இருபத்துமூன்று, இருந்தும் சொல் வரவில்லை. அக்கா தன் கைலேஞ்சியை எடுத்தாள். இரண்டு முனையையும் பிடித்து முறுக்கினாள். முறுக்கி, நிறுத்தி, இன்னும் முறுக்கினாள். அவர் கொஞ்ச நேரம் அந்தக் கைலேஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டார். அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது நோகிறதா?

அக்கா அழத் தொடங்கினாள். அதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. அது தனக்கு மட்டும் உள்ள அசிங்கம் என்று நினைத்திருந்தாள். நோயின் அடையாளங்களில் அதுவும் ஒன்று என்று ஒரு மனிதர் தெரிந்து வைத்திருக்கிறார், கேட்கிறார் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கமெரா விட்டுப் பார்க்கிற லப்பரொஸ்கொப்பி செய்தார்கள். கருப்பையின் உட்படலத்தைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் குடலின் மேலும் பற்றி வளர்ந்திருந்தது. எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். மாதம்தோறும் அதுவும் சுரப்பிகளின் கட்டளைக்குக் கட்டுப்படும், கசியும், அழற்சி கொடுக்கும். காலப்போக்கில் தழும்பாகி உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அக்காவுக்குக் குடலின் ஒரு பக்கம் கருப்பையோடு ஒட்டியிருந்தது. அவள் சொன்ன பிழிதல் பொய்யான உவமை அல்ல. மெல்லிய பற்றுகள் ஸ்கேனில் தெரியாமல் போகலாம் என்றும், பற்று எவ்வளவு பெரிது என்பதற்கும் நோ எவ்வளவு என்பதற்கும் நேர்க்கணக்கு இல்லை என்றும் அந்த டொக்டர் எங்களுக்கு விளக்கினார். சின்னப் பற்றோடு துடிக்கிறவர்களும் உண்டு, பெரிய பற்றோடு ஒன்றும் தெரியாமல் இருக்கிறவர்களும் உண்டு.

மயக்கம் தெளிந்ததும் அக்கா அம்மாவைத் தேடவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. "என்னவாம்?" என்று கேட்டாள். சொன்னேன். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்துவிட்டு, "அப்ப நான் பொய் சொல்லேல்லை" என்றாள். பதின்மூன்று வயதில் தொடங்கிய நோவுக்குப் பெயர் கிடைத்தபோது அவளுக்கு இருபத்தேழு.

உலகத்தில் பிள்ளை பெறும் வயதில் இருக்கிற பெண்களில் பத்தில் ஒருத்திக்கு, ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெயர் கிடைக்கப் பல வருஷம் எடுப்பது பணக்கார நாடுகளிலும் வழக்கம். அந்தக் கணக்கைப் பிறகு நான் வாசித்தபோது என் அக்காவின் பதினாலு வருஷம் விதிவிலக்கல்ல என்று தெரிந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை. கோபம்தான் வந்தது.

அறுவைச் சிகிச்சையோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மருந்தோடு மூன்று வருஷம் நன்றாக இருந்தாள், பிறகு பாதி திரும்பி வந்தது. வித்தியாசம் என்னவென்றால், இப்போது நோ வந்தால் போத்தல் கேட்டாள். வாய்விட்டு முனகினாள். லீவு கேட்டாள். ராத்தா ரப்பர் சுடுதண்ணீர்ப் பை ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதை இடுப்பில் கட்டிச் சேலையால் மூடிக்கொண்டு வேலைக்குப் போவாள்.

2006 ஏப்ரல் 25ஆம் திகதி எங்கள் கொம்பனித்தெருப் பக்கத்தில் அப்போது இருந்த இராணுவத் தலைமையகத்தில் குண்டு வெடித்தது. கர்ப்பிணிபோல வந்த ஒரு பெண் வெடித்தாள் என்றார்கள். பலர் செத்தார்கள். எங்கள் வீட்டு யன்னல் அதிர்ந்தது. அதற்குப் பிறகு தமிழ்ப் பெண்ணின் வயிறு என்பது சோதனைச் சாவடியில் கேள்வி கேட்கப்படுகிற இடமாயிற்று. அக்கா சுடுதண்ணீர்ப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். அவசரம் என்றால்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கக்கூடாது என்று அம்மா எச்சரித்தார். கையைத் தொங்கவிட்டு, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, அடையாள அட்டையைக் காட்டி அவள் கடந்து போவதைப் பல நாள் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷக் கடைசியில் சிக்குன்குனியா வந்தது. புத்தளம், கல்முனை, யாழ்ப்பாணம் என்று கிளம்பிக் கொழும்புக்கும் வந்தது. 1952இல் தன்சானியாவில் முதலில் கண்டறியப்பட்ட காய்ச்சல். மகோண்டே மக்களின் மொழியில் அந்தப் பெயருக்கு வளைந்து போவது என்று கருத்து. எங்கள் ஒழுங்கை முழுக்க வளைந்துதான் போயிற்று. மற்றவர்கள் இரண்டு மூன்று வாரத்தில் நிமிர்ந்தார்கள். அம்மா நிமிரவில்லை. ஆறு மாதம் போனபிறகும் அவரால் கொண்டை போடமுடியவில்லை, தேங்காய் திருவமுடியவில்லை, இடியப்ப உரலை அழுத்தமுடியவில்லை. இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு மூட்டு நோ மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நிற்கும் என்பதும், பெண்களிலும் வயது போனவர்களிலும் அப்படி நிற்பது கூட என்பதும் மருத்துவத்தில் தெரிந்த விஷயம். அம்மாவைப் பார்த்த முதல் இடத்தில் சொன்னது வேறு. வயது போனால் அப்படித்தான்.

அம்மாவும் அதை ஏற்றுக்கொண்டார். "வயசுதானே பிள்ளை." அக்கா ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு புதுக் கொப்பி வாங்கினாள். ஒரு மாதம் முழுக்க, காலையில் விரல் மடங்க எத்தனை மணியாகிறது, எந்த மூட்டு வீங்கியிருக்கிறது, எதைத் தூக்கமுடியவில்லை, இரவில் எத்தனை தரம் எழும்பினார் என்று நாள்வாரியாக எழுதினாள். பக்கத்துப் பக்கத்தில் அதையே சிங்களத்தில் எழுத ராத்தாவின் மகன் உதவி செய்தான். நோவுக்கு ஒவ்வொரு சொல்லாக, உளைவுக்கு ஒன்று, குத்துக்கு ஒன்று, விறைப்புக்கு ஒன்று என்று அவள் கேட்டுக் கேட்டு எழுதுவித்தாள். எனக்குப் பதினைந்து வயதில் தெரியாமல் போன சொற்கள் அவ்வளவும் அந்தக் கொப்பியில் இருந்தன.

எங்கள் நாட்டின் சுகாதார சேவையைப் பற்றிப் பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது. 1940களில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு ஆயிரம் தாய்மாருக்கு மேல் செத்த நாடு, இன்றைக்கு அந்தக் கணக்கை முப்பதைச் சுற்றிய அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறது. வயிற்றில் பிள்ளை என்றால் மருத்துவமாது கொப்பியோடு வீடு தேடி வருவார். எங்கள் ஒழுங்கைக்கும் வருவார். என் முதல் பிள்ளைக்கு மழையில் நனைந்துகொண்டு வந்தவரை நான் மறக்கமாட்டேன். அதே வாசலில் அக்காவும் இருந்தாள், அம்மாவும் இருந்தார். கர்ப்பிணிக்கு ஒரு அட்டை இருந்தது, குழந்தைக்கு ஒரு அட்டை இருந்தது. பிள்ளை பெறாதவளுக்கும் பெற்று முடித்தவளுக்கும் அப்படித் தேடி வருகிற அட்டை இருக்கவில்லை. 1996இலிருந்து சுகவனிதையர் கிளினிக் என்று முப்பத்தைந்து வயது கடந்த பெண்களுக்குத் தொடங்கி, இரத்த அழுத்தம், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் பார்க்கிறார்கள். அது நல்ல காரியம். அங்கே ஒரு கதிரையைப் போட்டு, "உங்களுக்கு எங்கே நோகுது, எவ்வளவு காலமா?" என்று ஆறுதலாகக் கேட்கவேண்டும். பதினைந்து வயதிலும் கேட்கவேண்டும், அறுபதிலும் கேட்கவேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் நிற்கிற அல்லது திரும்பத் திரும்ப வருகிற நோ தன்னளவிலேயே ஒரு நோயாக இருக்கலாம் என்று 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நோய் வகைப்பாடு ஒத்துக்கொண்டிருக்கிறது. ஒருவர் தனக்கு நோகிறது என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கவேண்டும் என்று நோ பற்றிய சர்வதேச ஆய்வுச் சங்கம் 2020இல் எழுதியது. அக்காவின் தலையணை மூலைகளை நினைக்கும்போது எனக்கு இந்த வருஷங்கள் மிகவும் பிந்தியவையாகத் தெரிகின்றன.

2007 நடுப்பகுதியில் ஒரு கிளினிக் நாள். அம்மா வாங்கில், ஒரு பக்கம் அக்கா, மறு பக்கம் நான். இளம் டொக்டர். அக்கா கொப்பியை அவர் முன்னால் விரித்து வைத்தாள். அவர் இரண்டு பக்கம் புரட்டினார், பிறகு முதலிலிருந்து வாசித்தார். வாசித்துவிட்டு அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். மருந்து மாற்றினார், விரல் பயிற்சிக்குத் துண்டு எழுதினார், மூன்று வாரத்தில் வரச் சொன்னார். பிறகு, வேறு எங்கேயாவது நோகிறதா என்று கேட்டார்.

அக்கா அதைத் தமிழில் அம்மாவிடம் கேட்டாள். "வேற எங்கையும் நோகுதோ அம்மா? எப்பிடி நோகுது எண்டு சொல்லுங்கோ. நான் எழுதிறன்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலைச் சொன்னார், தோளைச் சொன்னார். முதுகில் ஒரு இடம், என்னைப் பெற்ற நாளிலிருந்து உளைகிறதாம். அதற்குப் பிறகு குரல் இறங்கிப்போயிற்று. யாழ்ப்பாணத்தில், கொக்குவில் வீட்டில், பதினாலு வயதில், கிணற்றடிக்குப் போகமுடியாமல் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் சுருண்டு கிடந்ததைச் சொல்லத் தொடங்கினார். டொக்டருக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் அவர் அடுத்த துண்டைக் கூப்பிடவில்லை. அக்கா கொப்பியில் ஒரு புதுப் பக்கம் திருப்பினாள்.